பேருந்தில் வந்த மருத்துவர்: தமிழ்நாட்டில் தொலைவழி மனநலச் சேவையின் வரலாறு

தொலைபேசி, காணொலி, இணையச் செயலி ஆகியவற்றின் வழியாக அளிக்கும் மனநலச் சிகிச்சை தொலைவழி மனநலச் சேவை எனப்படுகிறது. ஐரோப்பாவில் இணையத் திட்டங்களின் ஒரு கிளை, ஏற்கெனவே நடந்துவரும் உளவியல் சிகிச்சைக்குத் துணைக்கருவியாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் வழி வேறு. மனநல மருத்துவரே இல்லாத ஊர்களுக்கு அவரைக் கொண்டுசெல்லவே திரை இங்கு வந்தது.

தொடக்கம்

சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதியை 1794இல் வாலண்டைன் கானொலி என்ற மருத்துவர் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. நெடுங்காலம் சிகிச்சை என்றால் அந்த மதிலுக்குள் தங்குவது என்றே பொருள். 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படுபவர். மதிலுக்கு வெளியே வந்தவர்களின் வாழ்வையும் கவனிக்கும் நோக்கில் 1984இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அரசுத் தரப்பில் தேசிய மனநலத் திட்டம் 1982இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996இலும் வந்தன.

புதுக்கோட்டைப் பேருந்து

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு ஸ்கார்ஃப் காணொலி வழி ஆலோசனையில் இறங்கியது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை இதற்காகவே மாற்றியமைத்தது. உள்ளே ஆலோசனை அறை ஒன்று, மருந்தகம் ஒன்று. நோயாளியும் குடும்பத்தாரும் பேருந்துக்குள் அமர்ந்து, பல நூறு கிலோமீட்டர் தொலைவில் சென்னையில் இருந்த மருத்துவருடன் திரையில் பேசினர். எழுதித் தந்த மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைத்தது.

இத்திட்டத்தின் உயிர்நாடி திரை அன்று, ஊர்க் களப்பணியாளர்களே. நோயாளியைக் கண்டறிந்து, குடும்பத்துடன் பேசி, மருந்தைத் தொடர்கிறாரா என்று வீடு தேடிப் போய் விசாரித்தவர்கள் அவர்கள். கருவியைப் பற்றி மட்டும் எழுதும் கட்டுரைகள் இதை விட்டுவிடுகின்றன.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநலக் கழகம் 1950களின் இறுதியிலேயே தொலைக்காட்சி வழிச் சிகிச்சையைச் செய்து பார்த்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001இல் மூட்ஜிம் என்ற இணையப் பயிற்சியை வெளியிட்டது. மனச்சோர்வுக்கான 'பீட்டிங் த ப்ளூஸ்' என்ற கணினித் திட்டத்தை 2006இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான உளவியல் சிகிச்சை பெற்றுவந்த மனச்சோர்வு நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு டெப்ரெக்சிஸ் என்ற இணையத் திட்டமும் தரப்பட்டது. சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சோர்வு கூடுதலாகக் குறைந்தது.

இம்முடிவை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த முடியாது. அங்கே செயலியுடன் சிகிச்சையாளர் ஒருவர் இருந்தார். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் உரிய சிகிச்சையே பெறவில்லை.

பெருந்தொற்றுக்குப் பின்

2020 மார்ச்சில் மைய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. 2022 அக்டோபர் 10 அன்று 'டெலி மனாஸ்' தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் நேரடிச் சிகிச்சைக்கோ அனுப்புவார். 2024இல் செயலியும் சேர்ந்தது.

படப்பையில்

வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்துக்குச் சற்று முன்னால் உள்ளது படப்பை. ஏரிப்பாசன வயல்கள் சூழ்ந்திருந்த இவ்வட்டாரம், ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியபின் வாடகை அறைகளும் தொழிலாளர் விடுதிகளும் நிறைந்த இடமாகிவிட்டது. பிற மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் முறைப்பணி செய்கின்றனர்.

புதுக்கோட்டையில் தடையாக இருந்தது தொலைவு. இங்கே தடையாவது நேரம். கீழ்ப்பாக்கம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆனால் புறநோயாளிச் சீட்டு தரும் காலை வேளையில் இரவு ஷிப்டு முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். விடுப்பு எடுத்தால் ஒருநாள் கூலி போகும். கைபேசி எல்லோரிடமும் உண்டு, ஆனால் பலர் பகிர்ந்து தங்கும் அறையில் மனம் விட்டுப் பேச மொட்டைமாடியைத்தான் தேட வேண்டும். மேலும், 'மனச்சோர்வு' என்ற சொல்லோடு யாரும் அழைப்பதில்லை. 'தூக்கம் வரல', 'தலை பாரமா இருக்கு' என்றுதான் பேச்சு தொடங்கும். ஆம் அல்லது இல்லை என்று குறியிடச் சொல்லும் வினாப்பட்டியல்கள் இதைத் தவறவிடக்கூடும்.

டெலி மனாஸ் தமிழ், இந்தி உட்பட 20 மொழிகளில் பேசுகிறது. நள்ளிரவில் அழைத்தாலும் எதிர்முனையில் ஆள் உண்டு. அவர் நேரில் பார்க்கச் சொல்லும் புறநோயாளிப் பிரிவுதான் பகலில் மட்டும் திறந்திருக்கிறது.