மிளகு ஊறிய தண்ணீரும் ஒரு துணிக்கடைக்காரரின் ரகசியமும்

மிளகு ஏன் காரமாக இருக்கிறது?

1676-ல் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் ஒரு மனிதர் இந்தக் கேள்வியை மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்டார். மலபார் கரையிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு மிளகைக் கொண்டுபோய்க் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. ரசத்தில் போடுகிற அதே மிளகுதான். மிளகின் துகள்கள் ஊசி மாதிரி கூராக இருந்து நாக்கைக் குத்துகின்றனவோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பதற்கு வசதியாக மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். தண்ணீர் வற்ற வற்ற, சேமித்து வைத்திருந்த பனி உருகிய நீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 24-ம் தேதி, ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். ஊசியைக் காணோம். ஆனால் அந்தத் துளிக்குள் ஒரு கூட்டமே நீந்திக்கொண்டிருந்தது! அதில் சில உயிர்கள் அவர் அதுவரை பார்த்த எதைவிடவும் மிகச் சிறியவை.

பாக்டீரியாவை மனிதக் கண் முதன்முதலாகப் பார்த்தது இப்படித்தான் என்கிறார்கள் அறிவியல் வரலாற்றாசிரியர்கள். பார்த்தவர் ஆன்டனி வான் லீவன்ஹூக். அவர் விஞ்ஞானியும் இல்லை, டாக்டரும் இல்லை. கல்லூரிப் பக்கமே போகாத ஒரு துணி வியாபாரி.

துணிக்கடையிலிருந்து...

லீவன்ஹூக் 1632-ல் டெல்ஃப்டில் பிறந்தார். அதே வருடம் அதே ஊரில் பிறந்த இன்னொருவர் ஓவியர் வெர்மீர். இருவருக்கும் சில நாட்கள்தான் வித்தியாசம். பின்னால் 1676-ல், வெர்மீர் கடனோடு இறந்த பிறகு, அவருடைய சொத்துக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பாளராக நகரம் நியமித்தது லீவன்ஹூக்கைத்தான். மிளகு ஊறிய அதே வருடம்!

பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணிக்கடையில் வேலை பழகினார். 1654-ல் ஊர் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, சொந்தமாகக் கடை வைத்தார். நூல் எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத் துணி வியாபாரிகள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பது வழக்கம். கண்ணாடி மீதான மோகம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம். 1660-ல் நகர மன்றத்தின் அறைகளைப் பராமரிக்கும் உத்தியோகம் கிடைத்தது. நிலம் அளப்பவர், மதுப் பீப்பாய் அளப்பவர் என்று வேறு பதவிகளும் வந்தன. வருமானத்துக்குக் கவலையில்லை. மிச்ச நேரமெல்லாம் கண்ணாடிதான்.

அவர் செய்த நுண்ணோக்கியைப் பார்த்தால் இதுவா என்று தோன்றும். இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நடுவில் ஒரு சின்னஞ்சிறு லென்ஸ். பார்க்க வேண்டிய பொருளைக் குத்தி வைக்க ஒரு ஊசி, அதை நகர்த்த சில திருகாணிகள். அவ்வளவுதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைக் கண்ணோடு ஒட்டி, வெளிச்சத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் இன்று யூட்ரெக்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய கருவி ஒன்று பொருட்களைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்தக் காலத்தின் பெரிய பெரிய கூட்டு நுண்ணோக்கிகளால் இதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

யுத்தத்துக்கு நடுவே ஒரு கடிதம்

ஒரு சிறிய ஊரில் ஒரு வியாபாரி வீட்டுக்குள் உட்கார்ந்து எதைப் பார்த்தால்தான் உலகத்துக்கு என்ன? அவருக்குத் தெரிந்தது அவரோடு போயிருக்கும். போகாமல் தடுத்தவர்கள் சிலர்.

முதலாமவர் அதே ஊரின் மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப். 1673 ஏப்ரலில் இவர் லண்டனில் இருந்த ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்குக்கு லீவன்ஹூக்கை அறிமுகப்படுத்தி எழுதினார். அப்போது இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் கடலில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஓல்டன்பர்க் இதற்கு முந்தைய டச்சு யுத்தத்தின்போது, 1667-ல், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிறார் என்ற சந்தேகத்தில் லண்டன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் எதிரி நாட்டிலிருந்து வந்த இந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை. பூஞ்சணம், தேனீ, பேன் ஆகியவற்றைப் பற்றி லீவன்ஹூக் எழுதியதை மொழிபெயர்த்து, தான் 1665-ல் ஆரம்பித்த 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார். அறிமுகம் செய்துவைத்த டி கிராஃப் அதே ஆகஸ்டில், 32 வயதிலேயே இறந்துபோனார்.

லீவன்ஹூக்குக்கு டச்சு தவிர வேறு மொழி தெரியாது. அக்காலத்து அறிஞர்களின் மொழியான லத்தீன் சுத்தமாக வராது. படம் வரையவும் வராது, அதற்கு ஒரு ஓவியரைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். கடிதங்களும் அறிஞர்கள் எழுதுவது மாதிரி இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல, எங்கே போனார், எதை எடுத்தார், எந்தப் பாத்திரத்தில் வைத்தார், எத்தனையாவது நாள் பார்த்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். 1683-ல் தன் பல் இடுக்கிலிருந்து எடுத்த அழுக்கைப் பற்றி எழுதும்போது, தான் தினமும் உப்பால் பல் தேய்ப்பதையும் சேர்த்தே எழுதினார். அந்த அழுக்கிலும் உயிர்கள் நகர்ந்தன.

படிப்பில்லாததே ஒருவகையில் அவருக்குப் பலம் என்றும் சொல்லலாம். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தார். ஏரித் தண்ணீர், ரத்தம், விந்து, திமிங்கிலத்தின் தசை, மீனின் செதில்... பார்த்ததை அளக்கவும் செய்தார். அளவுகோல்? மணல் பொடி, தினை, பேனின் கண், தலைமுடி. இத்தனை உயிர்களை வரிசையாக வைத்தால் ஒரு மணல் பொடியின் அகலம் வரும் என்கிற ரீதியில் கணக்கு.

நம்ப மறுத்த லண்டன்

1676 அக்டோபர் 9-ம் தேதி மிளகுத் தண்ணீர் விஷயத்தை ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். ஒரு துளித் தண்ணீரில் லட்சக்கணக்கான உயிர்கள் என்றால் யார் நம்புவார்கள்? லண்டனில் நெகமையா குரூ சோதித்துப் பார்த்தார், பலன் இல்லை. லீவன்ஹூக்கைச் செய்முறை கேட்டார்கள். அவரோ சாட்சிகளை அனுப்பினார்! பாதிரியார்கள் உள்பட எட்டு ஊர்ப் பெரியவர்களை வரவழைத்து, கண்ணாடி வழியாகப் பார்க்க வைத்து, பார்த்தோம் என்று எழுதி வாங்கினார்.

கோர்ட்டில் வேண்டுமானால் இது எடுபடலாம். அறிவியலுக்கு இது போதாது. மற்றொருவர் தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதைச் செய்து காட்டியவர் ராபர்ட் ஹூக். (பெயர் ஒத்துப்போகிறதே தவிர இரண்டு பேருக்கும் உறவில்லை. தேர்வில் மாற்றி எழுதி மார்க்கை இழந்தவர்கள் பலர்!) 1665-ல் 'மைக்ரோகிராஃபியா' எழுதிப் புகழ்பெற்றவர். 1677 நவம்பரில் மிளகை ஊறவைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அந்த நீரை எடுத்து, வாராவாரம் கூட்டத்தில் காட்ட முயன்றார். முதல் இரண்டு முறையும் ஒன்றும் தெரியவில்லை. நவம்பர் 15-ம் தேதி தெரிந்தது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இதைப் பார்க்க ஓல்டன்பர்குக்குக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டு மாதம் முன்னால் இறந்துவிட்டார்.

1680-ல் ராயல் சொசைட்டி லீவன்ஹூக்கை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் போனதில்லை. கடிதங்கள் மட்டும் ஐம்பது வருடங்கள் போய்க்கொண்டே இருந்தன.

கண்டதைச் சொல்வேன், எப்படி என்று சொல்ல மாட்டேன்

இனிதான் விஷயத்தின் மறுபக்கம்.

பார்த்ததையெல்லாம் தாராளமாகப் பகிர்ந்துகொண்ட இதே மனிதர், எப்படிப் பார்த்தார் என்பதை மட்டும் பூட்டியே வைத்திருந்தார். 1685-ல் ராயல் சொசைட்டியின் சார்பில் தாமஸ் மாலினோ டெல்ஃப்டுக்குப் போனார். சாதாரணக் கருவிகளைக் காட்டினார் லீவன்ஹூக். மிகச் சிறந்தவை தனக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். 1698-ல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் வந்தபோது, விலாங்குமீனில் ரத்தம் ஓடுவதைக் காட்டி அசத்தினார். ஆனால் லென்ஸ் செய்யும் வித்தையையோ, வெளிச்சத்தை எப்படி அமைத்தார் என்பதையோ யாருக்கும் சொல்லவில்லை.

கணித மேதை லைப்னிட்ஸ் அவருக்கு எழுதினார்: இளைஞர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாமே? 1715-ல் லீவன்ஹூக்கிடமிருந்து வந்த பதிலின் சாரம் இது: லைடன் நகருக்குப் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பணமும் பெயரும்தான் குறி. இந்த வேலைக்கு நிறைய நேரமும் செலவும் இடைவிடாத யோசனையும் வேண்டும். ஆயிரத்தில் ஒருவர்கூடத் தேற மாட்டார். ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும், அது அடிமைத்தனம். நான் சுதந்திரமாக இருக்க விரும்புகிறேன்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. படித்தவர்கள் கேலி செய்தபோது, மொழி தெரியாத அந்த வியாபாரியின் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்தக் கண்ணாடிதான். அதையும் கொடுத்துவிட்டால் தன்னை யார் மதிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஆனால் விலை பெரியது. 1723 ஆகஸ்ட் 26-ம் தேதி, 90 வயதில் இறந்தார். படுத்த படுக்கையிலும் தன் உதரவிதானம் துடிப்பதைக் கவனித்து லண்டனுக்கு எழுதவைத்தார். கடைசிக் கடிதங்களை லத்தீனில் மொழிபெயர்த்து அனுப்பும்படி ஒரு நண்பரைக் கேட்டுக்கொண்டார். ஆனால் சீடர் என்று ஒருவர் இல்லை. நுண்ணுயிர்களின் ஆராய்ச்சி பல பத்தாண்டுகள் மந்தமாகவே நகர்ந்தது. 19-ம் நூற்றாண்டில் லென்ஸ்கள் மேம்பட்ட பிறகுதான் வேகம் பிடித்தது. நோய்களுக்கும் அந்தக் குட்டி உயிர்களுக்கும் உள்ள தொடர்பைப் பாஸ்டரும் கோச்சும் நிறுவியபோது, மிளகுத் தண்ணீர் ஊறி ஏறத்தாழ இருநூறு வருடங்கள் ஆகியிருந்தன. இதற்கெல்லாம் லீவன்ஹூக்கின் மௌனம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பத்துப் பேருக்காவது கற்றுக்கொடுத்திருந்தால்?

கருவிகள் போயின, கடிதங்கள் நின்றன

26 வெள்ளி நுண்ணோக்கிகளை ஒரு பெட்டியில் வைத்து ராயல் சொசைட்டிக்கு உயில் எழுதியிருந்தார். மகள் மரியா அவற்றை அனுப்பிவைத்தார். 19-ம் நூற்றாண்டில் அந்தப் பெட்டி காணாமல் போய்விட்டது. மீதியிருந்த நூற்றுக்கணக்கான கருவிகள், மரியா இறந்தபின் 1747-ல் ஏலம் போயின. உலகத்தில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் ஒரு டஜன்தான்.

கடிதங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. அதிலும் ஓர் ஆச்சரியம். 1981-ல் பிரையன் ஃபோர்டு என்ற ஆய்வாளர் ராயல் சொசைட்டியின் பழைய கட்டுகளைப் புரட்டியபோது, ஒரு கடிதத்தோடு சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் இருந்தன. உள்ளே லீவன்ஹூக் தன் கையால் சீவி அனுப்பிய தக்கைத் துண்டு, பசுவின் பார்வை நரம்புத் துண்டு எல்லாம். மூன்று நூற்றாண்டுகள் தபால் உறைக்குள்ளேயே தூங்கியிருக்கின்றன!

கடைசியாக அந்த ரகசியம். தகடுகளைப் பிரித்தால் கருவி கெட்டுவிடும் என்பதால் யாரும் உள்ளே பார்க்கவில்லை. 2021-ல் டச்சு ஆய்வாளர்கள் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, பிரிக்காமலேயே பார்த்தார்கள். யூட்ரெக்ட் கருவிக்குள் இருந்தது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. கண்ணாடி இழையைத் தீயில் உருக்கி உருவாக்கிய ஒரு குட்டி உருண்டை. இந்த முறையைத்தான் ராபர்ட் ஹூக் 1665-லேயே தன் புத்தகத்தின் முன்னுரையில் எல்லோரும் படிக்கும்படி அச்சடித்திருந்தார்!

ஆயுள் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்த வித்தை, வேறொருவர் ஊருக்கே சொல்லிவிட்ட ஒன்றாக இருந்திருக்கிறது. லீவன்ஹூக்கை லீவன்ஹூக் ஆக்கியது அந்த உருண்டை இல்லை. அதன் வழியாக ஐம்பது வருடம் சலிக்காமல் பார்த்த கண்ணும், பார்த்ததை மறக்காமல் எழுதி அனுப்பிய பழக்கமும்தான்.

பூட்டிவைத்த வெள்ளிப் பெட்டி தொலைந்துபோனது. யுத்தத்துக்கு நடுவே தபாலில் போட்ட பூஞ்சணமும் பேனும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. யாருக்காவது ஏதாவது ஒரு விஷயம், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா என்ன?