குரோமிய மாசு நீக்கம்

குரோமிய உப்புகளாலும் அவற்றை உற்பத்தி செய்யும் தொழிலின் கழிவுகளாலும் கெட்ட மண்ணைச் சீர்செய்வதும், அந்நஞ்சு நிலத்தடி நீரில் இறங்காமலும் இறங்கியது மேலும் பரவாமலும் தடுப்பதும் குரோமிய மாசு நீக்கம் எனப்படும். எண்ணெய், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருள்களை நுண்ணுயிரிகளோ வெப்பமோ சிதைத்துவிடக்கூடும். குரோமியம் ஒரு தனிமம் ஆதலால் அதைச் சிதைத்து ஒழிக்க வழியில்லை. அது எந்த வடிவில், எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே மனிதர் முடிவுசெய்ய இயலும்.

மண்ணில் குரோமியம் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் காணப்படுகிறது. மூவிணைதிறக் குரோமியம் இயல்பான மண்ணில் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்து, இருந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆறிணைதிறக் குரோமியமோ, குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக நீரில் எளிதில் கரைவது. களிமண் துகள்களும் எதிர்மின்னேற்றம் கொண்டவையாதலால் அவை அதைப் பிடித்துவைப்பதில்லை, ஆகவே அது நிலத்தடி நீரோடு சேர்ந்து நகர்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்யப்பட்டதும் இதுவே. இந்தியக் குடிநீர்த் தரநிலை மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என வரம்பு விதித்துள்ளது. அதாவது, ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தப் போதுமானது.

தமிழகத்தில் இம்மாசின் கடுமையான வடிவம் இராணிப்பேட்டையில் உள்ளது. 1970-களில் அங்கு உற்பத்தியைத் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் வளாகத்தில், 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்த வெளியில் குவிக்கப்பட்டுக் கிடந்தது. குரோமைட் தாதுவைச் சோடா உப்புடனும் சுண்ணாம்புடனும் சேர்த்து உயர்வெப்பத்தில் வறுத்து, நீரால் குரோமேட்டைக் கரைத்தெடுத்தபின் எஞ்சும் சக்கையில் எடுபடாத குரோமேட் கணிசமாகத் தங்கிவிடும். கோடையில் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறும் ஈரம் ஆவியாக, மஞ்சள் உப்பு தரையில் பூக்கிறது. மழைக்காலத்தில் அதுவே கரைந்து, சிதைந்த பாறை அடுக்குக்குள்ளும் அதன்கீழுள்ள வெடிப்புகளுக்குள்ளும் இறங்கிப் பாலாற்றுப் படுகையை நோக்கிச் செல்கிறது. வெடிப்புகளின் போக்கைத் தரையின் மேலிருந்து கணிப்பது கடினமாதலால், அடுத்தடுத்த இரு கிணறுகளில் ஒன்று கெட்டும் மற்றொன்று கெடாமலும் இருக்கலாம். இதனை அப்பகுதித் தோல் பதனிடும் தொழிலின் மாசிலிருந்து பிரித்தறிதல் வேண்டும். பதனிடுவதற்குப் பயன்படும் குரோமியம் மூவிணைதிறம் உடையது. தோல் கழிவுநீர் நிலத்துக்கு இழைத்த பெருங்கேடு முதன்மையாக உப்பினால் நேர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் சீரமைப்பு முறையும் பிழைபட்டுவிடும்.

சீரமைப்பில் முதலில் செய்யத்தக்கது ஊற்றுக்கண்ணை அடைப்பது. கழிவுக் குவியலின் மேல் நீர் புகாத உறை இடப்பட்டு, மழைநீர் சுற்றுக் கால்வாய்களால் திருப்பிவிடப்படாத வரை, கீழே செய்யப்படும் வேலை ஒவ்வொரு பருவமழையிலும் வீணாகும். நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் முறை பழமையானது. நஞ்சு பரவும் எல்லையைக் கட்டுப்படுத்த அது உதவினாலும், பாறை இடுக்குகளில் ஊறிய குரோமேட் மெல்லக் கசிந்துகொண்டே இருப்பதால் பல பத்தாண்டுகள் நீளக்கூடியது.

ஒடுக்க முறை இதனினும் நுட்பமானது. எலக்ட்ரானைக் கொடுக்கவல்ல ஒரு பொருளைச் செலுத்தி, ஆறிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறமாக மாற்றி நிலத்துக்குள்ளேயே படியச் செய்வது இம்முறையாகும். அன்னபேதி எனப்படும் பெரஸ் சல்பேட் இதற்கு மலிவானது. ஆயினும் வறுத்த சக்கையில் சுண்ணாம்பின் காரத்தன்மை மிகுதியாதலால், செலுத்தப்படும் இரும்பு உள்ளே ஊடுருவுமுன் மேற்பரப்பிலேயே படிந்துவிடுகிறது. சல்பேட்டோ கழிவிலுள்ள கால்சியம், அலுமினியச் சேர்மங்களோடு வினைபுரிந்து குவியலை உப்பச் செய்து, மேலுள்ள உறையை விரிசல் காணச் செய்யக்கூடும். மண்ணுக்கு ஏற்ற முறையைச் சோதனைக்கூடத்தில் மட்டுமன்றிக் களத்திலும் சிறு அளவில் முயன்று பார்ப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து எலிசபெத் நகரில், கடலோரக் காவல்படைத் தளத்தின் முலாம்பூசும் பட்டறையிலிருந்து கசிந்த குரோமேட்டைத் தடுக்க 1996-இல் நிலத்துக்குள் ஓர் இரும்புத் தடுப்பு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 46 மீட்டர் நீளமும் 7.3 மீட்டர் ஆழமும் 0.6 மீட்டர் அகலமும் கொண்ட அகழியில் இரும்புத் துகள் நிரப்பப்பட்டது. நிலத்தடி நீர் தன் இயல்பான ஓட்டத்தில் அதனூடே கடக்கும்போது குரோமேட் ஒடுங்கிப் படிகிறது. இறைக்கும் இயந்திரமோ மின்சாரமோ வேண்டாத இவ்வமைப்பு, இத்துறை கண்ட சிறந்த சிந்தனைகளுள் ஒன்றாகும். கலிபோர்னியாவின் ஹிங்க்லியில், எரிவாயு அழுத்த நிலையத்தின் குளிர்கோபுரங்களில் துருவைத் தடுக்கப் பயன்பட்ட குரோமேட், 1952 முதல் 1960-களின் நடுப்பகுதிவரை தளமிடாத குட்டைகளில் விடப்பட்டு நிலத்தடி நீரில் கலந்தது. அங்கு எத்தனால் செலுத்தப்பட்டு மண்ணின் நுண்ணுயிரிகள் ஊக்குவிக்கப்படுகின்றன. அவை ஆக்சிஜனைச் செலவழித்து உருவாக்கும் சூழலில் குரோமேட் ஒடுங்குகிறது. மாசுற்ற நீரைக் குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சி, வேர்மண்டல மண்ணிலேயே அதனை ஒடுங்கச் செய்யும் முறையும் அங்குக் கையாளப்படுகிறது. கழிவு விடப்பட்டது பன்னிரண்டு ஆண்டுகள் அளவில்தான். துப்புரவுப் பணியோ தலைமுறைகளைத் தாண்டி நீள்கிறது.

இந்தியாவில் செலவுப் பொறுப்பை வரையறுத்ததில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கு முதன்மையானது. தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்த அவ்வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருவதோடு, சீர்கெட்ட சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. ஆனால் மூடப்பட்டுப் பொறுப்பேற்க ஆளின்றிக் கிடக்கும் ஆலைகளிடம் அச்செலவைப் பெறுவது அரிதாகி, சுமை பொதுநிதியின் மீதே விழுகிறது. அருகிலுள்ள கிணற்று நீரை நம்பி வாழ்வோர் அந்நிதி கிடைக்கும்வரை காத்திருக்க நேர்வது பெருங்கொடுமை.

ஒடுக்கப்பட்ட குரோமியமும் முற்றிலும் அடங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது. மண்ணில் இயல்பாகவே உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூவிணைதிறக் குரோமியத்தின் ஒரு பகுதியை மீண்டும் குரோமேட்டாக்க வல்லவை. எனவே சீரமைக்கப்பட்ட இடத்தில் நீரோட்டத்தின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் கண்காணிப்புக் கிணறுகள் அமைக்கப்பட்டு, மழைக்கு முன்னும் பின்னும் ஆறிணைதிறக் குரோமியம் தனியே அளக்கப்பட வேண்டும்.