ஆரணிப் பட்டு நெசவாளர் கூட்டுறவு

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியிலும் சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றூர்களிலும் பட்டுக் கைத்தறி நெசவாளர்களைச் சேர்த்து நடத்தப்படும் உற்பத்திச் சங்க முறை. இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் வந்தது. அப்போது அது கடனை மட்டுமே கருதியது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பிற வகைச் சங்கங்களுக்கும் வழிவிட்டது. 1935இல் தோன்றிய, கைத்தறித் துணி விற்கும் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் சங்கங்களின் துணிக்குப் பெரிய சந்தையானது.

உறுப்பினர் பங்குத்தொகை கட்டிச் சேர்கிறார். சங்கம் பட்டு நூலையும் சரிகையையும் எடைபோட்டுக் கொடுக்கிறது. தறி வீட்டிலேயே இருக்கும். பாவு (நீள இழை) ஓட்டுவதும் இழை முடிவதும் வீட்டாரின் கூட்டு வேலை. இதில் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் கூலிக் கணக்கில் தனியாக ஏறுவதில்லை. நெய்த சேலை மீண்டும் தராசில் ஏறும். அனுமதித்த கழிவுக்கு மேல் எடை குறைந்தால் கூலியில் பிடித்தம் உண்டு.

சங்கத்துக்கு வெளியே உள்ளவர்கள் பெரும்பாலும் முதலாளியிடம் முன்பணம் வாங்கி நெய்கிறார்கள். கடன் தீரும்வரை வேறு முதலாளியிடம் மாற முடியாது. சங்கத்தில் அந்தக் கட்டு இல்லை. ஆனால் சேலை தேங்கினால் நூல் வருவது நின்று தறி சும்மா கிடக்கும். தள்ளுபடி விற்பனை தீபாவளியை ஒட்டியே சூடுபிடிக்கிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது.