சென்னை மாகாணச் சட்டசபை (1862–1937): மசோதா சட்டமான வழி

சென்னை மாகாணச் சட்டசபை, 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்படி உருவான அவை. 1862 ஜனவரி 22 அன்று முதன்முறையாகக் கூடியது. அன்றுமுதல் 1937 வரை மாகாணத்துக்கு இருந்த ஒரே சட்டமியற்றும் அவை இதுதான். பின்னாளில் மேலவை என்று அழைக்கப்பட்ட அவையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரு அவை முறை 1937இல்தான் வந்தது. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் சென்னை அரசிடமிருந்த சட்டமியற்றும் உரிமையைப் பறித்துக் கல்கத்தாவுக்குக் கொடுத்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்த உரிமை திரும்பி வந்தபோது, அதைப் பயன்படுத்துவதற்கென்று அமைந்ததே இந்த அவை.

மக்களின் அவையாக இது தொடங்கவில்லை. கவர்னரின் நிர்வாகக் குழுவோடு அட்வகேட் ஜெனரலையும், நான்கு முதல் எட்டு வரையிலான கூடுதல் உறுப்பினர்களையும் சேர்த்தால் அதுவே சட்டசபை. கூடுதல் உறுப்பினர்களில் பாதிப்பேராவது அரசு ஊழியர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடங்களும் நியமனத்தால் நிரம்பின. ஐரோப்பிய வணிகர், ஜமீன்தார், வழக்கறிஞர் ஆகியோர் இடம்பெற்றனர். கம்பெனி ஆட்சியில் வரி வசூலுக்காக நடந்த சித்திரவதைகளை வெளிக்கொணரப் போராடிய கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1863இல் உறுப்பினரானார். குடிகளுக்காக வெளியே உரக்கப் பேசிய ஒருவர் அவைக்குள் வந்தது பெரிய செய்தி. ஆனால் அவர் உள்ளே வந்தபின் பேசுவதற்கு இடம் மிகக் குறைவு. அவையின் முன் உள்ள மசோதாவைப் பற்றிப் பேசலாம். புதிய மசோதா கொண்டுவர அனுமதி கோரலாம். அவ்வளவே. நிர்வாகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவும் உரிமை இல்லை. வரவு செலவும் அவைக்கு வருவதில்லை.

மசோதாவின் பயணம்

ஒரு மசோதா பெரும்பாலும் தலைமைச் செயலகத்திலோ வருவாய் வாரியத்திலோதான் பிறந்தது. பொதுக்கடன், சுங்கம், நாணயம், தபால், தண்டனைச் சட்டம், மதம், படை போன்ற பொருள்களைத் தொடுவதாக இருந்தால், அவையில் வைக்கும் முன்பே கவர்னர் ஜெனரலின் இசைவு வேண்டும். பிறகு அறிமுகம். அதையடுத்து மசோதாவும் அதன் நோக்கங்களையும் காரணங்களையும் விளக்கும் அறிக்கையும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சாகும். கலெக்டர்கள், நீதிபதிகள், வணிகர் சங்கங்கள், ஜமீன்தார்கள், பின்னாளில் மகாஜன சபை போன்ற அமைப்புகள் தங்கள் கருத்துகளை எழுதி அனுப்புவார்கள். அடுத்து மசோதா தெரிவுக்குழுவுக்குப் போகும். குழு அறிக்கை தந்ததும் அவையில் பிரிவு பிரிவாக விவாதம், திருத்தங்கள், இறுதியில் வாக்கு.

அவை நிறைவேற்றிவிட்டால் சட்டம் ஆகிவிடாது. கவர்னர் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் கவர்னர் ஜெனரல் ஒப்புதல் தர வேண்டும். இரண்டும் கிடைத்து நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் லண்டன் அரசு ரத்துச் செய்யலாம். அவையில் தலைமை தாங்கியவரும் கவர்னரே. மசோதாவை அனுப்பும் அரசுக்கும், விவாதத்தை நடத்தும் தலைமைக்கும், ஒப்புதல் தரும் கைக்கும் உரியவர் ஒருவரே. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அந்தக் காலத்து விவாதங்களைப் படித்தால், உறுப்பினர்கள் பணிந்து பேசியதாகத் தோன்றும். உண்மையில் அவர்களின் உழைப்பில் பெரும்பகுதி தெரிவுக்குழுவில் நடந்தது. ஒரு சொல்லை மாற்றுவது, ஒரு விதிவிலக்கைச் சேர்ப்பது, ஒத்துக்கொள்ள முடியாதபோது மாறுபட்ட குறிப்பு எழுதி அறிக்கையோடு இணைப்பது ஆகியவை பலன் தந்த வேலைகள். அவை மேடையில் நடந்த உரைகள் பெரும்பாலும் பதிவுக்காக நிகழ்ந்தவை.

குடிகளின் குரல் அவையில் இல்லாததன் விலை 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் தெரிகிறது. தரிசும் காடும் யாருக்கு உரியவை, கிராமத்தார் மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் கொண்ட வழக்கத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்விகளில் வருவாய் வாரியத்துக்கும் வனத்துறை சார்ந்தோருக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. இந்திய வனத்துறையின் தலைமை அதிகாரி டீட்ரிச் பிராண்டிஸ் சென்னைக்கு வந்து ஆராய்ந்தபின் சட்டம் நிறைவேறியது. அதிகாரிகளுக்குள் நடந்த அந்த வாதம் ஆழமானதுதான். ஆனால் மேய்ச்சல் நிலத்தை இழக்கப்போகிற ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. இந்த அவையின் முதல் முப்பது ஆண்டுகளின் பெருங்குறை இதுவே.

தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதாக்கள் அரிது. 1890இல் உறுப்பினரான சி. சங்கரன் நாயர், மலபாரில் தாய்வழி உரிமை கொண்ட மருமக்கள்தாய முறையைப் பின்பற்றுவோரின் திருமண உறவுக்குச் சட்ட ஏற்பு தரும் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசு உடனே ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. 1891இல் நீதிபதி டி. முத்துசாமி ஐயர் தலைமையில் ஆணையம் அமைத்து மலபார் முழுக்கக் கருத்துக் கேட்டது. 1896இல் சட்டம் வந்தது. விரும்புவோர் பதிவு செய்துகொள்ளலாம் என்ற அளவில் அது நின்றதால் மிகச் சிலரே பதிந்தனர். அதே பொருளில் முழுமையான சட்டம் வர 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி, தீர்மானம்

1892ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வாசல்களைத் திறந்தது: முன்னறிவிப்போடு கேள்வி கேட்கலாம்; வரவு செலவைப் பற்றிப் பேசலாம். துணைக் கேள்வி கூடாது, வாக்கெடுப்பு கூடாது. நகராட்சிகளும் மாவட்ட வாரியங்களும் பல்கலைக்கழகமும் வணிகர் அமைப்பும் பரிந்துரைத்தவர்கள் நியமனம் பெற்றனர். தேர்தல் என்ற சொல்லைச் சட்டம் தவிர்த்தது. இந்தக் குறுகிய இடத்தைச் சேலம் விஜயராகவாச்சாரியார் போன்றோர் நன்றாகப் பயன்படுத்தினர். கேள்வியும் பதிலும் அச்சில் வந்தன. பத்திரிகைகள் அவற்றை எடுத்துப் போட்டன. ஒரு தாலுகாவில் நடந்த அநியாயம் மாகாணம் முழுக்கத் தெரிய அதுவே வழியாயிற்று.

1909ஆம் ஆண்டு மின்டோ மார்லி சீர்திருத்தம் துணைக் கேள்வியையும் தீர்மானத்தையும் சேர்த்தது. அதிகாரிகள் சிறுபான்மையாயினர். ஆனால் நியமனம் பெற்ற அதிகாரி அல்லாதாரைச் சேர்த்துக்கொண்டால் அரசு எந்த வாக்கிலும் தோற்க வேண்டியதில்லை. இதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலைத்த சாகுபடி உரிமை தந்தது. 1890களிலேயே தொடங்கிய வரைவு, ஜமீன்தார்களின் எதிர்ப்பில் சிக்கி, பலமுறை திருத்தி எழுதப்பட்ட பிறகே சட்டமாயிற்று.

இரட்டையாட்சிக் காலம்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த புதிய அவை 1921 ஜனவரி 9 அன்று கோட்டையில் கூடியது. ஜனவரி 12 அன்று கன்னாட் கோமகன் முறைப்படி தொடங்கிவைத்தார். 98 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பொதுத் தொகுதிகளில் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. நான்கு கோடி மக்கள் கொண்ட மாகாணத்தில் சொத்தும் வரியும் பார்த்து வாக்குரிமை பெற்றவர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். கவர்னர் தலைமை நாற்காலியை விட்டு இறங்கினார், பி. ராஜகோபாலாச்சாரி அவைத் தலைவராக நியமனம் பெற்றார். சில ஆண்டுகளில் தலைவரை அவையே தேர்ந்தெடுக்கலாயிற்று. பஞ்சாங்கக் கணிப்பில் புகழ்பெற்ற எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அலுவல் ஆங்கிலத்தில் நடந்தது. அதில் பழக்கமில்லாதவர் மாகாண மொழியில் பேசலாம் என்று விதி இடம் தந்தது.

கல்வி, உள்ளாட்சி, சுகாதாரம், அறநிலையம் ஆகியவை அமைச்சர்களுக்கு மாற்றப்பட்ட துறைகள். நிலவரி, காவல், நீதி ஆகியவை கவர்னருக்கு ஒதுக்கப்பட்ட துறைகள். இந்தப் பிரிவினையே இரட்டையாட்சி. மானியக் கோரிக்கைகள் இப்போது வாக்குக்கு வந்தன. வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். ஒதுக்கப்பட்ட துறையில் அவை வெட்டிய தொகையை, அவசியம் என்று சான்றளித்துக் கவர்னர் திரும்பச் சேர்க்கலாம். அவை நிராகரித்த மசோதாவையும் அதே சான்றளிப்பால் சட்டமாக்க வழி இருந்தது. அமைச்சரவைகளுக்கும் நியமன உறுப்பினர்களின் வாக்கு ஊன்றுகோலாயிற்று. 1923 நவம்பரில் பனகல் அரசர் அமைச்சரவை மீது சி.ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது. 1926க்குப் பின் பி. சுப்பராயன் அமைச்சரவை நின்றதே அந்த வாக்குகளின் பலத்தில்தான்.

இத்தனை தடைகளுக்கும் நடுவே, இந்தப் பதினாறு ஆண்டுகளில் அவை செய்தது குறைவன்று. 1921இல் பெண்களுக்கு வாக்குரிமைத் தடையை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது. மாகாணங்களில் சென்னையே முதல். பொதுவாகத் தீர்மானம் என்பது அரசுக்குப் பரிந்துரை மட்டுமே. ஆனால் இந்த ஒரு பொருளில் அவையின் முடிவே போதும் என்று தேர்தல் விதிகள் வைத்திருந்தன. 1922இல் எம்.சி. ராஜா, இழிபெயர்களை விட்டு ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1924இல் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையையும் கிணற்றையும் எல்லோரும் பயன்படுத்தும் உரிமையைத் தீர்மானமாக வைத்தார். இருவரும் நியமன உறுப்பினர்கள். இரண்டும் அரசாணையாக வெளிவந்தன. நியமனம் என்றாலே அரசுக்குத் தலையாட்டுவது என்ற எண்ணத்தை இவர்களின் பணி பொய்யாக்குகிறது.

சட்டம் எப்படிக் கைக்கு வந்து நழுவியது என்பதற்குத் தேவதாசி ஒழிப்பு முயற்சியைவிடத் தெளிவான சான்று இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரும் அவையின் துணைத் தலைவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் முதலில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது, சட்டம் பிறக்கவில்லை. சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் வேர் கோயில் மானிய நிலத்தில் இருப்பதை உணர்ந்து, 1927ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்துக்கே ஒரு திருத்த மசோதா எழுதினார். ஊழியம் செய்தால்தான் நிலம் என்ற கட்டை அது அறுத்தது. எஸ். சத்தியமூர்த்தி போன்றோரின் எதிர்ப்பைக் கடந்து 1929இல் அது சட்டமாயிற்று. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் அடுத்த மசோதாவை 1930இல் வைத்தார். அவ்வாண்டே காந்தி கைதானதைக் கண்டித்து உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். மசோதா நின்றுபோயிற்று. அந்தச் சட்டம் நிறைவேறியது 1947இல். தம் அவைப் பணியைப் பற்றி அவரே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1930இல் வெளியிட்டார்.

1937 ஏப்ரல் 1 அன்று 1935ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 215 உறுப்பினர் கொண்ட பேரவையும் தனி மேலவையும் அமைந்தன. பழைய அவை முடிந்தது. அதன் நடவடிக்கைகள் உரைக்கு உரை அச்சாகியுள்ளன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஒரு சட்டத்தின் வரலாற்றை ஆராய விரும்புவோர் உரைகளுக்கு முன்னால் தெரிவுக்குழு அறிக்கையையும் அதோடு இணைந்த மாறுபட்ட குறிப்புகளையும் படிக்க வேண்டும்.