கில்லோர்க்ளின் சந்தையும் கிடா அரசனும்

அயர்லாந்தின் தென்மேற்கிலுள்ள கெர்ரி மாவட்டத்தில், லான் ஆற்றங்கரையில் அமைந்த கில்லோர்க்ளின் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 முதல் 12 வரை கூடும் 'பக் சந்தை', அந்நாட்டின் மிகப் பழைய சந்தைகளுள் ஒன்றாகும். மலையில் பிடித்துவரப்படும் காட்டு வெள்ளாட்டுக்கிடாவுக்கு, அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிச் சிறுமியொருத்தி முடிசூட்ட, அக்கிடா உயர்ந்த மேடையொன்றில் ஏற்றப்பட்டு, சந்தை முடியும்வரை ஊரின் அரசனாக மதிக்கப்படும். பின்னர் மலைக்கே திருப்பி அனுப்பப்படும். மூன்று நாள்களும் முறையே கூடும் நாள், சந்தை நாள், கலையும் நாள் எனப்படுகின்றன.

அறுவடைத் தொடக்கத்தில் கெல்டியர் கொண்டாடிய லூனசா விழாவின் எச்சமே இது என்பாருளர். ஊரார் சொல்லும் கதைகளோ வேறு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தளபதி குரோம்வெல்லின் படையினர் சூறையாட வந்தபோது, மந்தையிலிருந்து பிரிந்து ஊருக்குள் ஓடிவந்த கிடாவைக் கண்டே மக்கள் ஆபத்தை உணர்ந்து தப்பினர் என்பது ஒன்று. 1808இல் நிலக்கிழாரின் சுங்க உரிமை பறிக்கப்பட்டபோது, மாடு, குதிரை, செம்மறியாடு ஆகியவற்றுக்குச் சுங்கம் வாங்கவே தடை உண்டு, வெள்ளாட்டுக்கு இல்லை என்று சுட்டிக்காட்டிய வழக்கறிஞர் டேனியல் ஓ'கானலின் யோசனைப்படி, கிடாவை ஏற்றிவைத்து வெள்ளாட்டுச் சந்தை என அறிவித்தனர் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உறுதியான சான்றில்லை. எனினும், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கால்நடைக்கும் வரி தண்டும் உரிமையே அக்காலச் சந்தையின் உயிர்நாடியாக இருந்ததாதலின், இரண்டாம் கதையே சந்தையின் இயல்பை நன்கு காட்டுகிறது.

அயர்லாந்துச் சந்தைகளில் பேரம் பேசும் முறையும் குறிப்பிடத்தக்கது. விற்பவரும் வாங்குபவரும் முறுக்கிக்கொண்டு விலகும்போதெல்லாம், தரகர் இருவர் கைகளையும் இழுத்துச் சேர்க்க முயல்வார். விலை படிந்ததும் உள்ளங்கையில் எச்சில் தொட்டு ஓங்கித் தட்டிக்கொள்வர். எழுத்து எதுவுமின்றி வாக்கே பத்திரமாக நின்றது. பணம் கைமாறியபின், விற்றவர் அதில் சிறு தொகையை 'ராசிக் காசு' எனத் திருப்பிக் கொடுப்பார். அதைத் தராதவரிடம் மறுமுறை வாங்கத் தயங்குவர்.

1950களிலிருந்து ஏலமுறைக் கால்நடை விற்பனைக்கூடங்கள் பரவியதால் இத்தகைய தெருச்சந்தைகள் பெரும்பாலும் மறைந்தன. கில்லோர்க்ளினிலோ முதல் நாள் குதிரைச் சந்தையும் அடுத்த நாள் மாட்டுச் சந்தையும் நின்றுபோகவில்லை.