வேண்டுகோளும் பூட்டும்

தேர் செய்தோர் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பர். அஃது ஊரறிய நடப்பது. இணையத்தளம் அமைப்போரும் வெள்ளோட்டம் விடுவதுண்டு. ஆனால் அதனை ஊரார் காணலாகாது. பிழை திருத்தாத பக்கங்களும், சில வேளை உண்மை மாணாக்கரின் பெயரும் மதிப்பெண்ணும் அச்சோதனைத் தளத்தில் கிடக்கும். அங்குப் பிறர் நுழையாமல் காக்கும் முறை வளர்ந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஜெனிவாவுக்கு அருகிலுள்ள ஐரோப்பிய அணு ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989-இல் வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30-இல் அக்கூடம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டது. அறிவைப் பகிர்வதே வலையின் நோக்கம். ஆதலின் கதவுகள் திறந்தே கிடந்தன.

விரைவில் மனிதரல்லாத விருந்தினர் வந்தனர். இணைப்புகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சென்று அனைத்தையும் படிக்கும் நிரல்கள் அவை. ‘ரோபோ’ எனப் பெயர் பெற்றன. அவற்றின் வேகத்தால் தளங்கள் சில திணறின. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் என்பார் ஒரு வழி கூறினார். ‘ரோபோட்ஸ்’ என்னும் பெயரில் ஒரு சிறு கோப்பைத் தளத்தின் வாயிலில் வைத்து, ரோபோக்கள் நுழையலாகாத பகுதிகளை அதில் குறிப்பிடலாம் என்பதே அது. பலரும் அதனை ஏற்றனர்.

எனினும் அது வேண்டுகோளே, பூட்டன்று. நல்லோர் படித்து விலகுவர். தீயோரோ, மறைத்த அறை எங்குள்ளது என்பதை அக்கோப்பைக் கொண்டே அறிவர். 2022 செப்டம்பரில் இம்முறை இணைய நெறியாக முறைப்படி வெளியிடப்பட்டபோதும், இது நுழைவுரிமை வழங்கும் முறையன்று என்றே எழுதப்பட்டது.

பூட்டு வேறு. 1996 மே மாதம் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணம், பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விடும் முறையை விளக்கியது. அவை இல்லாதார்க்கு 401 என்னும் எண்ணே விடையாகக் கிடைக்கும். மனிதரும் தேடுபொறியும் ஒருங்கே வாயிலில் நிற்பர். ஆயினும் இம்முறை பாதுகாப்பானதன்று என அவ்வாவணமே எச்சரித்தது. கடவுச்சொல் மறைக்கப்படாமல் செல்வதால், இடைவழியில் ஒட்டுக் கேட்போர் அதனைக் கவரலாம். எனவே செய்தியைப் பிறர் படிக்கவியலாதவாறு மறைத்தனுப்பும் முறையும் உடன் வேண்டியதாயிற்று.

‘உள்ளே வராதீர்’ என்னும் பலகை பண்பாளர்க்குப் போதும். பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் உள்ளே இருக்குமாயின், கதவுக்குத் தாழும் வேண்டும்.