இரும்புச் சக்கரமும் ரப்பர் டயரும்

பழைய கோயிலைப் புதுப்பிக்கப் புகுவோர் கல்வெட்டைப் படித்த பின்னரே கல்லைப் பெயர்க்க வேண்டும். பழைய டிராக்டரைப் புதுப்பிப்போருக்கும் இம்முறை பொருந்தும். எஞ்சினைப் பழுது பார்த்து, வண்ணம் பூசி, கடையில் கிடைத்த டயரை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் டயரைத் தாங்கும் ரிம், அவ்வண்டி எக்காலத்தில், எந்நிலையில் உருவாயிற்று என்பதைக் கூறும் சான்றாகும். அதனைப் படித்தறிந்த பின்னரே டயர் தேடுவது முறை. இதன் காரணத்தை அறிய, டிராக்டர் சக்கரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1932-ஆம் ஆண்டுக்கு முன்னர் டிராக்டர்கள் பெரும்பாலும் இரும்புச் சக்கரங்களில் ஓடின. சக்கரத்தின் வெளிவட்டத்தில் இரும்பு முளைகள் பொருத்தியிருப்பர். அவை வயலில் மண்ணைக் கவ்வின. சாலையிலோ தளத்தைப் பெயர்த்தன. ஓட்டுவோரின் உடலையும் குலுக்கின. 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார், டயர் உற்பத்தியாளரான ஹார்வி ஃபயர்ஸ்டோனின் துணையுடன், தமது 'யு' மாடல் வண்டியில் காற்றடைத்த டயரைப் பொருத்தினர். முதற் சோதனைகளுக்கு விமானச் சக்கரங்களின் டயர்களே பயன்பட்டன. உழவர்கள் எளிதில் நம்பவில்லை. எனவே 1933-இல், பந்தயக் கார் ஓட்டுவதில் புகழ் பெற்ற பார்னி ஓல்ட்ஃபீல்டைக் கொண்டு, அதற்கென மாற்றியமைத்த டிராக்டர் ஒன்றை மணிக்கு 64 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிக் காட்டினர். 1934-இல் அக்கம்பெனியின் 'டபிள்யூ.சி.' மாடல், நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைக்கு ரப்பர் டயருடனேயே சென்றது.

புதிய வண்டி வாங்க வசதியற்ற உழவர்கள் வேறொரு வழி கண்டனர். இருந்த இரும்புச் சக்கரத்தின் வெளிவட்டத்தை அறுத்தெடுத்து, ஆரக்கால்களின் முனையில் ரப்பர் டயருக்குரிய ரிம்மை வைத்துக் கொல்லரைக் கொண்டு பற்றவைத்தனர். அக்காலத்து வண்டிகள் சிலவற்றில் அந்தப் பற்றவைப்பின் தழும்பை இன்றும் காணலாம். பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலத்தில் ஓர் உழவன் செய்த சிக்கனத்திற்கு அது சான்று.

பின்னர்ப் போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மலேயாவின் ரப்பர் நேச நாடுகளுக்குக் கிட்டாதாயிற்று. அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து டிராக்டர்கள் பல மறுபடியும் இரும்புச் சக்கரத்துடன் வெளிவரலாயின. அந்த ரப்பர் மரங்களில் பால் வடித்தோருள் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தொழிலாளர்கள் என்பதை நாம் மறப்பதற்கில்லை. அவர்களுள் பல்லாயிரவரை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டு சென்றனர். பலர் அங்கேயே மாண்டனர். ஆதலின் 1943-ஆம் ஆண்டு வண்டி ஒன்றில் இரும்புச் சக்கரத்தைக் கண்டால், ஏதோ பழங்கால மிச்சம் என்று அதனைக் கழற்றி எறியலாகாது.

இனி, எண்களுக்கு வருவோம். டயரின் பக்கத்தில் 10-28 என்றிருந்தால், முதலெண் டயரின் அகலத்தையும், அடுத்த எண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும். விட்டம் இம்மியும் பிசகலாகாது. 1930-களில் ரப்பர் டயர் பூண்ட ஃபார்மால் எஃப்-20 வண்டிக்கு 36 அங்குல ரிம்; 1939-இல் வந்த ஃபார்மால் எச் வண்டிக்கோ 38 அங்குலம். ஒன்றன் டயர் மற்றொன்றில் பொருந்தாது. அகலத்தில்தான் குழப்பம் மிகுதி. அகன்ற ரிம்கள் வழக்கிற்கு வந்தபோது, அவற்றில் ஏற்றிய டயர் பழைய எண்ணைவிடப் பருத்து நின்றது. உண்மை அகலத்தையே எழுதும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் உற்பத்தியாகி இந்தியாவுக்கும் வந்த ஃபெர்குஸன் டி.இ.20 வண்டியின் 10-28 டயருக்கு இன்று 11.2-28 என்று பெயர். அவ்வாறே 11-28 என்பது 12.4-28 ஆயிற்று, 12-28 என்பது 13.6-28 ஆயிற்று. பின்னிரண்டும் நம் நாட்டுக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. பஞ்சாபிலோ தராய்ப் பகுதியிலோ பழைய வண்டி வைத்திருப்பவர் '11-28' என்று கேட்டு வெறுங்கையுடன் திரும்ப வேண்டுவதில்லை.

ரிம்மின் அகலத்தை வெளிவிளிம்பில் அளப்பது தவறு. இரு விளிம்புகளின் உட்பக்கங்களுக்கு இடையே அளக்க வேண்டும். 11.2 டயருக்கு 10 அங்குல ரிம் உரியது. 9 அங்குலமும் ஏற்கும். அதனினும் குறுகிய ரிம்மில் டயர் நெருக்குண்டு, நடுப்பகுதி மேடிட்டு, அங்கு மட்டும் தேயும். மிக அகன்ற ரிம்மிலோ பக்கச் சுவர்கள் இழுபட்டு விறைக்கும்.

துருவையும் கவனிக்க வேண்டும். சக்கரத்திற்கு எடை கூட்ட, கால்சியம் குளோரைடு கரைத்த நீரை டியூபில் நிரப்புவது குளிர்நாட்டு வழக்கம். அது கசிந்தால் ரிம் உள்ளிருந்தே அரிக்கும். வால்வுத் துளையைச் சுற்றி முதலில் பார்க்க வேண்டும். அங்கே பற்றவைக்க நேர்ந்தால், டயரையும் டியூபையும் முற்றிலும் கழற்றிய பின்னரே செய்ய வேண்டும். காற்று இறக்கிய டயராயினும், சூடேறிய ரிம்மின் மீதிருந்தால் வெடித்து உயிரைப் பறிக்கக் கூடும். டயர் சரிவர அமரவில்லை என்று அளவு கடந்து காற்றடிப்பதும் அத்தகைய ஆபத்தே.

இறுதியாக ஒரு வினா எழுகின்றது. வண்டியை எந்த நாளுக்குத் திருப்புவது? தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளுக்கா, உழவன் கையில் உழைத்த நாளுக்கா? கண்காட்சிப் பரிசை நாடுவோர் முன்னதையே விரும்புவர். கொல்லன் பற்றவைத்த சக்கரம் உறுதியாயிருக்கும் வரை அதனைக் காப்பதே தக்கது என்பது என் கருத்து. உறுதி கெட்டதாயின், புகைப்படம் எடுத்து, அளவுகளைக் குறித்துக்கொண்டு, கழற்றியதைப் பத்திரப்படுத்திய பின் மாற்றலாம். டயர் தேய்ந்தால் மற்றொன்று வாங்கிக்கொள்ளலாம். பழைய இரும்புக் கடைக்குப் போன சக்கரத்தை மீட்க இயலாது.